தமிழ் ஃபாண்ட் போட்டாச்சு, எழுத்து சரியா வரலையே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சும் பக்க வடிவமைப்பும் என் தொழில். ஆகவே தமிழ் எழுத்துரு பற்றிய சந்தேகங்கள் தினமும் என்னிடம் வந்து சேரும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 உள்ள கணினியை மனத்தில் வைத்து எழுதியது இது. மேக், லினக்ஸுக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

1. ஃபாண்ட் டவுன்லோட் பண்ணிட்டேன். இனி என்ன செய்யணும்?

இறக்கியது ஜிப் கோப்பாக இருந்தால் முதலில் அதைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஜிப்புக்குள் இருக்கும்போதே இரட்டைச் சொடுக்கு போட்டுப் பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எழுத்துரு திரையில் தெரிவதால் நிறுவிவிட்டதாக நினைப்பு. அது வெறும் முன்னோட்டம்தான்.

பிரித்த பிறகு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் கோப்பின் மேல் வலச்சொடுக்கு போட்டு 'இன்ஸ்டால்' கொடுங்கள். அவ்வளவுதான் வேலை. எழுத்துரு என்ற பெயரில் இஎக்ஸ்இ கோப்பு வந்தால் திறக்காதீர்கள். ஒரு சாதாரண எழுத்துருவை நிறுவ அப்படி எந்தச் செயலியும் தேவையில்லை.

2. ஃபோல்டருக்குள்ள பத்துப் பதினஞ்சு ஃபைல் கிடக்கு. எல்லாத்தையும் போடணுமா?

வேண்டாம். மெல்லியது, சாதாரணம், தடித்தது என்று ஒரே எழுத்துருவின் பல கனங்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கும். கடிதம், அறிக்கை அளவில் வேலை செய்பவருக்கு ரெகுலரும் போல்டும் போதும். வோஃப் என்று முடியும் கோப்புகள் இணையதளங்களுக்கானவை. விண்டோஸ் அவற்றை நிறுவாது.

கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றில் எல்லாக் கனங்களையும் ஒரே கோப்பில் அடக்கிய 'வேரியபிள்' எழுத்துரு ஒன்று மேலாக இருக்கும், 'ஸ்டாட்டிக்' என்ற ஃபோல்டரில் தனித்தனிக் கோப்புகள் இருக்கும். பழைய வேர்டு, பழைய வடிவமைப்புச் செயலிகள் வேரியபிள் எழுத்துருவைச் சரியாகக் கையாள்வதில்லை. ஸ்டாட்டிக் ஃபோல்டரில் இருப்பதையே போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பட்டியலில் ஒரே பெயர் குழப்பமாகத் திரும்பத் திரும்ப வரும்.

3. 'இன்ஸ்டால்', 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' ரெண்டு இருக்கே, எது?

முன்பெல்லாம் எழுத்துரு போட நிர்வாகி கடவுச்சொல் கட்டாயம். விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பிலிருந்து அவரவர் கணக்குக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அலுவலகக் கணினியில் கடவுச்சொல் இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அப்படிப் போட்ட எழுத்துரு வேறொருவர் தன் கணக்கில் நுழையும்போது இருக்காது. சில பழைய செயலிகளும் அதைக் கண்டுகொள்வதில்லை. கணினி உங்களுடையது என்றால் எல்லாருக்குமாக நிறுவுவதே நல்லது.

4. போட்டாச்சு, ஆனா வேர்டு லிஸ்ட்ல காணோம்.

வேர்டை முழுக்க மூடிவிட்டுத் திறவுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பட்டியலில் வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவின் பெயர் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். கோப்பின் பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். கோப்புக்கு நீங்கள் வேறு பெயர் வைத்தாலும் பட்டியலில் உள்ள பெயர் மாறாது. அதுவும் இல்லையென்றால் மூன்றாம் பதிலில் சொன்ன 'எல்லாருக்கும்' வழியில் மறுபடி நிறுவிப் பாருங்கள்.

5. ஃபாண்ட் இருக்கு. ஆனா டைப் பண்ணினா இங்கிலீஷ்தான் வருது.

எழுத்துரு எழுத்தின் தோற்றத்தை மட்டுமே பார்த்துக்கொள்ளும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது விசைப்பலகையின் வேலை. விண்டோஸ் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்வேஜ்' பகுதிக்குப் போய்த் தமிழ் மொழியைச் சேருங்கள். அதன் விசைப்பலகைகளில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட விசைப்பலகை. புதிதாகக் கற்பவர்கள் இதையே கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வருவதால் விரல் சீக்கிரம் பழகிவிடும்.

6. லிஸ்ட்ல பாமினியைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்து மாறவே மாட்டேங்குது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணினி எழுத்தைப் படமாகச் சேமிப்பதில்லை, எண்ணாகச் சேமிக்கிறது. ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000உம் அதோடு வந்த லதா எழுத்துருவும் தேவைப்பட்டன. அதுவரை தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்துத் தமிழில் எழுதினார்கள். பாமினி அப்படிப்பட்ட எழுத்துரு.

பாமினியில் 'தமிழ்' என்று அடிப்பவர் உண்மையில் அடிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சின்ன ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ஜே இருக்கும் இடத்தில் த, கே இடத்தில் ம, பி இடத்தில் இகரக் குறி, ஓ இடத்தில் ழ, அரைப்புள்ளி இடத்தில் மேற்புள்ளி. கோப்புக்குள் கிடப்பது ஆங்கிலம், கண்ணுக்குத் தெரிவது தமிழ்.

இப்போது நீங்கள் தமிழ் 99இல் அடித்தது ஒருங்குறித் தமிழ். அந்த எண்களுக்குரிய வடிவம் எதுவும் பாமினியிடம் கிடையாது. எனவே வேர்டு பாமினியை விட்டுவிட்டு, அந்த எழுத்துகளை உடைய, விண்டோஸோடு வரும் நிர்மலா போன்ற வேறொன்றை எடுத்துக் காட்டுகிறது. திருப்பிச் செய்தாலும் இதே கதைதான். பாமினியில் அடித்ததைத் தேர்ந்தெடுத்து நிர்மலாவுக்கு மாற்றினால் அந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் அப்படியே வெளியே வந்துவிடும்.

7. ஒரு ஃபாண்ட் பழைய வகையா யூனிகோடான்னு போடறதுக்கு முன்னாடியே தெரியுமா?

தெரியும். கோப்பை இரட்டைச் சொடுக்கு போட்டால் விண்டோஸ் ஒரு மாதிரிப் பக்கத்தைக் காட்டும். அதில் ஆங்கில அகரவரிசை இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள் தாறுமாறாக வந்தால் அது பாமினி போன்ற பழைய வகை. ஆங்கிலம் ஆங்கிலமாகவே தெரிந்தால் பெரும்பாலும் ஒருங்குறி. திஸ்கி, டாப் என்ற பழைய குறிமுறைகளில், அதாவது எழுத்துக்கு எண் தரும் முறைகளில், அமைந்த எழுத்துருக்கள் இந்தச் சோதனையில் ஏமாற்றிவிடும், ஏனென்றால் அவை ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள எண்களில் தமிழை வைத்தவை. அந்தச் சந்தேகம் இருந்தால் நிறுவிவிட்டு தமிழ் 99இல் ஒரு வரி அடித்துப் பாருங்கள். எழுத்தின் தோற்றம் மாறினால் ஒருங்குறி.

8. எழுத்தெல்லாம் கெட்டுப்போய் வருது. எந்த ஃபாண்ட் போட்டா சரியாகும்?

எழுத்துருவைத் தேடுவதற்கு முன்னால் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். வெறும் கட்டங்களாக வந்தால் மட்டுமே அது எழுத்துரு இல்லாத குறை. ஏதாவது ஓர் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு போட்டால் சரியாகிவிடும். ஆங்கில எழுத்துகளும் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி வகை. தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் நெடுக வந்தால் திஸ்கி, டாப், டாம், வானவில் ஆகிய பழைய வகைகளில் ஒன்றாக இருக்கலாம். இவற்றுக்கு அந்தந்தப் பழைய எழுத்துரு வேண்டும், அல்லது உரையை மாற்ற வேண்டும்.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் அடைத்த பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால் உரை நல்ல ஒருங்குறிதான். திறந்த செயலிதான் அதைத் தவறாகப் படித்திருக்கிறது. சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். எந்த எழுத்துரு போட்டாலும் தீராது. எக்செலின் 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கொண்டுவந்து, கோப்பின் குறிமுறை 65001, யூடிஎஃப் 8 என்று சொன்னால் தமிழ் வந்துவிடும்.

எல்லாமே கேள்விக்குறியாக இருந்தால்தான் வருத்தம். தமிழ் எண்களைத் தாங்காத குறிமுறையில் யாரோ சேமித்துவிட்டார்கள், உரை அழிந்துவிட்டது என்று பொருள். பழைய நோட்பேடில் ஆன்சி என்ற குறிமுறையில் சேமித்தால் இப்படி ஆகும். அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்பதைத் தவிர வழியில்லை.

9. பாமினியில அடிச்ச பழைய ஃபைல் நிறைய இருக்கு. யூனிகோடுக்கு மாத்தலாமா?

அவசியம் மாற்றுங்கள். இன்றைக்கு அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டுமே அவை தமிழ். என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதற்கென்றே உள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் இன்று அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறது. உங்கள் குடும்ப வரலாறோ சங்க அறிக்கையோ அதைவிடச் சின்னதாக இருக்கலாம், ஆனால் அதைத் தேடப்போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள்தான்.

மாற்றியபின் மெய்ப்பு பார்க்காமல் விடாதீர்கள். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிடும். நிறுத்தற்குறிகளிலும் கண் வையுங்கள். பாமினியில் கமா விசையில் இருப்பது இகரம், கமாவுக்கு வேறு இடம். ஆங்கில வரிகளில் இருந்த கமாக்கள் இ ஆகிவிட்டிருக்கும். மாற்றுவதற்கு முன் ஆங்கிலப் பகுதிகளை நிறம் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

10. வாக்கியத்தோட முதல் எழுத்து மட்டும் நெடிலா மாறிடுது. 'அம்மா'ன்னு அடிச்சா 'ஆம்மா'ன்னு வருது.

ஆறாம் பதிலை நினைவில் வைத்துப் பாருங்கள். பாமினியில் சின்ன எம் என்பது அ, பெரிய எம் என்பது ஆ. வேர்டுக்கு இது தமிழ் என்று தெரியாது. ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று அதைப் பெரிதாக்கிவிடுகிறது. இதே வழியில் உ ஊ ஆகும், எ ஏ ஆகும். வேர்டு ஆப்ஷன்ஸில் 'ப்ரூஃபிங்', அதில் 'ஆட்டோ கரெக்ட்' திறந்து வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். அச்சான துண்டறிக்கைகளில் இந்தப் பிழையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தட்டச்சு செய்தவர் மேல் எந்தத் தவறும் இருக்காது.

11. வேர்டுல ஒழுங்கா இருக்கு. ஃபோட்டோஷாப்ல போட்டா கொம்பு பிரிஞ்சு நிக்குது.

'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். சேமிப்பில் ககரம்தான் முதலில், குறி பிறகு. அதைப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது செயலியின் வேலை. அது தெரியாத செயலியில் கொம்பு இடம் மாறும், அல்லது புள்ளிகளாலான வட்டம் ஒன்று கொம்போடு ஒட்டி நிற்கும். எழுத்துரு மேல் குற்றமில்லை.

ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தை மாற்றுங்கள். பதிப்பைப் பொறுத்து அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்றோ 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்றோ இருக்கும். செயலியை மூடித் திறந்து, புதிய கோப்பில் முயலுங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பலகத்தின் பட்டியலில் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேஜ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது, ஒருங்குறி அதற்குத் தெரியாது. அதில் வேலை செய்யும் அச்சகத்துக்கு ஒருங்குறியில் கொடுத்தால் அவர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் கொட்டுவார்கள். அந்த மாற்றத்தில் பிழை நுழையும். கடைசி மெய்ப்பை நீங்களே பாருங்கள்.

12. புது விண்டோஸ் போட்டதும் லதாவைக் காணோம்.

விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் அம்சமாகிவிட்டன. செட்டிங்ஸ் தேடலில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் இரண்டும் வரும். ஐந்தாம் பதிலில் சொன்னபடி தமிழ் மொழியைச் சேர்த்தாலே பெரும்பாலும் தானாக வந்துவிடும். எங்கிருந்தோ லதா கோப்பைத் தேடி இறக்க வேண்டியதில்லை.

13. என் கம்ப்யூட்டர்ல அழகா இருக்கு. பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனா மாறிடுது.

உங்கள் எழுத்துரு கடைக்காரர் கணினியில் இல்லை, அங்கே இருக்கிற ஒன்றை வேர்டு போட்டுக்கொள்கிறது. எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் உடைந்து, பக்க எண்ணிக்கையே மாறிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அக்ரோபேட் ரீடரில் கண்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தி 'ஃபாண்ட்ஸ்' பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் எதிரே 'எம்பெடட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலையில்லை. வேர்டு கோப்பாகவே தர வேண்டியிருந்தால் ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதியில் எழுத்துருவைக் கோப்போடு பொதிக்கும் தேர்வைப் போடுங்கள். பொதிக்க அனுமதி இல்லாத எழுத்துருக்களுக்கு மட்டும் இது நடக்காது.

பிடிஎஃப் திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கெட்டால், அச்சிடும்போது 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' கொடுங்கள். கொஞ்சம் மெதுவாக அச்சாகும், ஆனால் சரியாக வரும்.

14. பிடிஎஃப்ல தமிழ் நல்லாத் தெரியுது. தேடினா ஒண்ணுமே கிடைக்கல.

ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எட்டாம் பதிலில் சொன்ன அடையாளங்களில் எது வருகிறது என்று பாருங்கள். அரைப்புள்ளிகள் வந்தால் மூலம் பாமினி, மாற்றியில் போட்டு மீட்கலாம். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது வருடிய, அதாவது ஸ்கேன் செய்த, படம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி இல்லாமல் உரை கிடைக்காது.

15. மேக்ல, லினக்ஸ்ல எப்படி?

மேக்கில் கோப்பை இரட்டைச் சொடுக்கினால் 'ஃபாண்ட் புக்' திறந்து நிறுவும். இணைமதி, தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் ஏற்கெனவே அதில் உண்டு. எம்என் என்பது அவற்றை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். லினக்ஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்' ஃபோல்டரில் 'ஷேர்', அதற்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று ஒன்றை உருவாக்கிக் கோப்பைப் போட்டு எஃப்சி கேச் கட்டளையை ஓட்டினால் போதும். லோகித் தமிழ் என்ற எழுத்துரு பல லினக்ஸ் வெளியீடுகளின் தொகுப்பிலேயே கிடைக்கும்.

16. நிறைய ஃபாண்ட் போட்டதுல இருந்து வேர்டு திறக்கவே நேரமாகுது. நீக்கப் போனா 'யூஸ்ல இருக்கு'ன்னு வருது.

இலவசத் தொகுப்பு என்று நூற்றுக்கணக்கில் அள்ளிப் போட்டால் மெதுவாகத்தான் ஆகும். வேர்டையும் பிரௌசரையும் மூடிவிட்டு செட்டிங்ஸில் 'பெர்சனலைசேஷன்', 'ஃபாண்ட்ஸ்' பகுதியிலிருந்து நீக்குங்கள். அப்போதும் விடாவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்து, வேறெதையும் திறப்பதற்கு முன் நீக்குங்கள். நீக்கிய பிறகும் பழைய வடிவமே தெரிந்தால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் ஃபாண்ட் கேச் சர்வீஸ்' என்பதை ஒருமுறை மீண்டும் தொடங்குங்கள். நிர்மலா போன்ற விண்டோஸின் சொந்த எழுத்துருக்களை மட்டும் தொடாதீர்கள்.

17. ஃப்ரீன்னு போட்டிருக்கு. புத்தகத்துக்குப் பயன்படுத்தலாமா?

உரிமம் ஓஎஃப்எல், அதாவது எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம், என்றால் தாராளமாக. நோட்டோ, கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை எல்லாம் அந்த வகை. புத்தகம் அச்சிட்டு விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால் பதிப்புக்கு எடுக்காதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. நல்ல தமிழ் எழுத்துருவை வரைய ஒருவர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். விலைக்கு விற்கும் எழுத்துருவைத் திருட்டுப் பிரதியாகப் போடுவது அந்த உழைப்பைப் பறிப்பது. போதாததற்கு, அந்தப் பிரதிகளில் சில எழுத்துகள் விடுபட்டும் கிடக்கும்.

18. ரெண்டு சொல்லும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கு. தேடினா ஒண்ணுதான் வருது. ஃபாண்ட் மாத்தணுமா?

எழுத்துருவை மாற்றினால் தீராது. ஒரே தோற்றத்துக்குப் பின்னால் வெவ்வேறு எண்கள் இருக்கின்றன. 'ஸ்ரீ' நல்ல உதாரணம். நெடுங்காலமாக ஸகரத்தை வைத்தே அதை எழுதினோம். 2005இல் ஒருங்குறி 4.1இல் ஶகரம் சேர்ந்த பிறகு அதை வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பழைய எழுத்துருவில் ஶகரத்தில் எழுதியது மட்டும் ஒட்டாமல் உடைந்து நிற்கும். உடைந்தால்தான் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும்.

'ஔ' அடுத்தது. ஒகரத்தை அடித்து ளகரத்தையும் அடிப்பவர்கள் ஏராளம். 'ஔவையார்' என்று தேடினால் அப்படி அடித்த 'ஒளவையார்' சிக்க மாட்டார். 'கௌ' என்பதிலும் க, ஒற்றைக் கொம்பு, ள என்று அடிப்பது உண்டு. சிலர் எ என்ற எழுத்தின் இடத்தில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணையும், க இடத்தில் ஒன்றைக் குறிக்கும் எண்ணையும் போட்டுவிடுகிறார்கள், அவையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்பதாம் பதிலில் சொன்ன மாற்றிகள் வழியாக வந்த உரையிலும் இவை கலந்திருக்கும். ஆகவே மாற்றி முடித்த கையோடு வேர்டின் 'ரீப்ளேஸ்' பெட்டியில் முதலில் 'ஒள' என்று தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஔ' ஆக்குங்கள். 'ஒளி', 'ஒளிவு' போன்ற இடங்களில் ஒகரமும் ளகரமும் உண்மையாகவே அடுத்தடுத்து வரும் என்பதால் 'ரீப்ளேஸ் ஆல்' மட்டும் கொடுக்காதீர்கள்.